200 வீடுகளில் வயிற்றுப்போக்குக் கணக்கெடுப்பு: எண்ணிக்கை எப்போது கேள்விகளைத் தாங்கி நிற்கும்?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாராவியில் உங்கள் சந்துகளில் இந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக இருக்கிறது. குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீர் நாறுகிறது. புகார் சொல்லப் போனால், மருத்துவமனைப் பதிவுகளில் எண்ணிக்கை கூடவில்லை என்று பதில் வருகிறது. ஆகவே இளைஞர் மன்றத்தினர் 200 வீடுகளுக்குப் போய்க் கணக்கெடுத்து, ‘இத்தனை சதவீதம்’ என்று எழுதிக் கொடுக்க நினைக்கிறீர்கள். எத்தனை வீடு போதும், என்ன கேட்பது என்பது கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது சதவீதத்தை அல்ல. எங்கள் சந்துகளில் நோய் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலா, அதற்குத் தண்ணீர்தான் காரணமா என்பதே. முதல் பாதிக்கு வீட்டுக் கணக்கெடுப்பு நல்ல பதில் தரும். இரண்டாவது பாதிக்கு அது மட்டும் போதாது. நான் சமூக மருத்துவம் படித்தவள். மும்பையின் சால்களிலும் (வரிசையாக ஓர் அறை வீடுகள் கொண்ட பழைய குடியிருப்புகள்) குடிசைப் பகுதிகளிலும் இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்தியவள். குழாய்ப் பொறியியல் என் துறையன்று. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. கஞ்சித் தண்ணீர் போல ஓயாமல் போய், சில மணி நேரத்தில் கண் குழிந்து துவண்டுபோகும் பெரியவர் ஒருவர் உங்கள் சந்தில் இருந்தாலும், கணக்கெடுப்பை ஒத்திவையுங்கள். அது காலராவாக இருக்கலாம். அன்றைக்கே சயான் மருத்துவமனைக்கோ கஸ்தூர்பா தொற்றுநோய் மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். சுகாதார அதிகாரிக்கும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அந்த நிலையில் சதவீதம் யாருக்கும் தேவையில்லை.

இனி மருத்துவமனைப் பதிவு பற்றி. பதிவில் கூடவில்லை என்று சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டுக்கும் போய்ச் சேர்வதில்லை. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்குவார்கள், சந்து முனையில் இருக்கும் தனியார் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் மோரும் கஞ்சியும் குடித்துப் படுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 2008-09இல் நடந்த பெரிய ஆய்வில், தேசியக் கண்காணிப்பில் பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் சமூகத்தில் 147 பேர் நோயுற்றிருந்தது தெரிந்தது. அந்த 147ஐ இங்கே கொண்டுவந்து பெருக்கிவிடாதீர்கள். அவர்களுடைய மருத்துவ அமைப்பு வேறு. உங்கள் பகுதிக்கு உரிய விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். நோயுற்ற ஒவ்வொருவரிடமும் ‘சிகிச்சைக்கு எங்கே போனீர்கள்’ என்ற ஒரே கேள்வியைச் சேருங்கள். உதாரணமாக, நோயுற்றதாகச் சொன்ன 60 பேரில் 4 பேர் மட்டுமே மாநகராட்சி மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போயிருந்தால், அந்தப் பதிவேட்டில் நான்குக்கு மேல் ஏறியிருக்க வழியில்லை. உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு நேரடியான மறுமொழி இதுதான். நீங்கள் கொண்டுபோகும் மொத்த சதவீதத்தைவிட இதற்கு வலு அதிகம் என்பது என் கருத்து.

அடுத்தது, எதை நோய் என்று எண்ணுவது. ‘வயிறு சரியில்லையா?’ என்று கேட்டால் வாயுத் தொல்லையும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிமையானது: ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகலாகவோ நீராகவோ போவது, அல்லது அந்த நபருக்கு வழக்கமானதைவிட அதிகத் தடவை போவது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பல தடவை இளகலாகப் போவது இயல்பு. அங்கே ‘வழக்கத்தைவிட’ என்பதைத் தாயிடம் அழுத்திக் கேட்க வேண்டும். வாந்தியைத் தனியாகக் குறியுங்கள். கர்ப்பிணியின் மசக்கை, குடித்ததால் வந்த வாந்தி, நாள்பட்ட குடல் நோய் உள்ளவரின் வழக்கமான தொல்லை ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மலத்தில் இரத்தம் இருந்ததா என்பதை விடாமல் கேளுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று, பல் முளைக்கும்போது குழந்தைக்கு வயிறு போவது இயற்கைதான் என்று நம் பாட்டிமார் சொல்வதால், பல தாய்மார் அதை நோயாகவே நினைப்பதில்லை. ‘நோய் வந்ததா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். எத்தனை தடவை, எப்படிப் போனது என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். உங்கள் சந்துகளில் மராத்தியும் இந்தியும் பேசும் குடும்பங்களும் இருக்கும். அவர்களிடம் ‘ஜுலாப்’ (வயிற்றுப்போக்கு) இருந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு நகராமல், அதே மூன்று தடவைக் கணக்கைக் கேளுங்கள். கேள்வியை மூன்று மொழிகளிலும் எழுதிவைத்து, எழுதியபடியே வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கேள்வியை மாற்றினால், கிடைக்கும் வேறுபாடு நோயில் இருக்கிறதா, கேட்ட விதத்தில் இருக்கிறதா என்று பிறகு யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

எத்தனை நாளைப் பற்றிக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான கணக்கெடுப்புகள் சறுக்குகின்றன. டில்லியில் 2000 முதல் 2002 வரை 1,621 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருமுறை கேட்டபோது தெரிந்த நோய்களில் பெரும்பகுதி, மாதத்துக்கு ஒருமுறை கேட்டபோது காணாமல் போயிற்று. ஏழைகளிடம் இந்த இழப்பு அதிகமாக இருந்தது. வாரக் கணக்கில் பணக்காரர்களைவிட அதிகமாக டாக்டரிடம் போனவர்களாகத் தெரிந்த ஏழைகள், மாதக் கணக்கில் குறைவாகப் போனவர்களாகத் தெரிந்தார்கள். முடிவே தலைகீழாகிவிட்டது. இதை நான் ஏழைகளின் மறதி என்று படிக்கவில்லை. அடிக்கடி வரும் நோய், சொல்லத் தகுந்த செய்தியாகவே தோன்றாமல் போகிறது என்றுதான் படிக்கிறேன். களத்தில் நான் பார்த்ததும் அதுவே. அப்படியானால் குறுகிய காலம்தான் சரியா? அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பத்து நாளைக்கு முன் வந்தது ‘போன வாரம்தான்’ என்று நினைவில் நெருங்கி வந்துவிடும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்விலேயே தொலைபேசியில் 7 நாளைப் பற்றிக் கேட்டபோது வந்த ஆண்டு விகிதம், 28 நாளைப் பற்றிக் கேட்டபோது வந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆட்களைத் தொடர்ந்து கண்காணித்து எடுத்த விகிதமோ ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 274 தான், இரண்டையும்விடக் குறைவு. ஒரே நாடு, ஒரே நோய், கேட்ட விதம் மட்டும் வேறு. இதனால்தான், கேட்ட விதத்தைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

உங்களுக்கு என் பரிந்துரை ஏழு நாள். ‘கடந்த ஏழு நாட்களில்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இன்று காலை வரை’ என்று பெயர் சொல்லி எல்லை கட்டுங்கள். ‘ஆமாம்’ என்பவரிடம் எந்தக் கிழமை தொடங்கியது, எந்தக் கிழமை நின்றது என்று கேளுங்கள். தொடங்கிய நாள் எல்லைக்கு முந்தியது என்றால் அதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு வாரக் கேள்வியையும் கேட்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வு அப்படித்தான் கேட்கிறது. அதை நடத்துவது உங்களுக்கு அருகிலேயே, தேவ்னாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தைகள் நாடு முழுவதும் 2015-16இல் 9.2 சதவீதம், 2019-21இல் 7.3 சதவீதம். உங்கள் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அளவுகோலாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது பல மாதங்களும் பல ஊர்களும் கலந்த சராசரி, உங்களுடையது மும்பையின் மழைக்காலத்து ஒரு வாரம். அதே காரணத்தால் உங்கள் வாரக் கணக்கை 52ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்கும் போடாதீர்கள்.

இப்போது நீங்கள் எழுதியிருந்த ‘வீட்டுக்கு வீடு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது வந்ததா’ என்று கேட்டு, ஆமாம் என்ற வீடுகளை எண்ணினால் வரும் எண் அதிர்ச்சி தரும், ஆனால் அது எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் நோய் வரும் வாய்ப்பு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கும் வராமல் இருக்கும் வாய்ப்பு 0.92ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 0.66. ஆக, மூன்றில் ஒரு வீட்டில் யாராவது ஒருவர் நோயாளியாக இருப்பார். மூன்றில் ஒரு வீடு என்று மனுவில் எழுதினால், கணக்குத் தெரிந்த ஓர் அதிகாரி அதை ஒரு நிமிடத்தில் 8 சதவீதமாகச் சுருக்கிவிடுவார். முதலில் வீட்டில் இந்த வாரம் தூங்கிய ஒவ்வொருவரையும் வயதோடு வரிசையாக எழுதுங்கள். கைக்குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் எல்லாரும் அதில் அடங்குவார்கள். பட்டியல் முடிந்த பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக நோய்க் கேள்வியைக் கேளுங்கள். நலமாக இருப்பவர்களையும் எண்ணினால்தான் சதவீதம் என்று ஒன்று உருவாகும்.

200 வீடு போதுமா என்றால், எதற்கு என்பதைப் பொறுத்தது. உங்கள் சந்துகளை மட்டும் எடுத்தால், 200 வீட்டில் ஓரளவு நல்ல சதவீதம் கிடைக்கும். ஆனால் அது கூடுதலா இல்லையா என்பதற்கு ஒப்பிட எதுவும் இருக்காது. ஆகவே பாதியைப் பிரித்துவிடுங்கள்: நாறும் தண்ணீர் வரும் சந்துகளில் 100 வீடு, வேறு குழாய்த் தடத்திலிருந்து நீர் பெறும், வீட்டு அமைப்பும் வருமானமும் கழிப்பறை வசதியும் ஏறக்குறைய அதேபோல இருக்கும் சந்துகளில் 100 வீடு, இரண்டும் ஒரே வாரத்தில். ஒரு பக்கம் 8 சதவீதமும் மறுபக்கம் 16 சதவீதமும் உண்மையில் இருந்தால், அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழக்கமான கணக்குப்படி பக்கத்துக்குச் சுமார் 255 பேர் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும், எல்லாரும் ஒரே குடத்திலிருந்து குடிப்பவர்கள். ஐந்து பேரைக் கேட்டாலும் ஐந்து தனித்தனிச் சாட்சியங்கள் கிடைப்பதில்லை. அதை ஈடுகட்ட இரண்டு மடங்காக்கினால் பக்கத்துக்கு 510 பேர், அதாவது ஏறத்தாழ 100 வீடு. நீங்கள் திட்டமிட்ட உழைப்பு இதற்குப் பொருந்துகிறது. அதே சமயம் இதன் வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். வேறுபாடு 8க்கும் 11க்கும் இடையில் என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர் தேவைப்படும். ஆகவே உங்கள் கணக்கெடுப்பில் வேறுபாடு தெரியவில்லை என்றால், வேறுபாடு இல்லை என்று பொருளாகாது. இரண்டு மடங்கு அளவுக்குப் பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்புக் குறைவு என்று மட்டுமே சொல்லலாம்.

எந்த 100 வீடு என்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரேஷன் அட்டைப் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் தாராவிக்கு உதவாது. ஏணி வைத்து ஏறும் மேல்மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள், தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் வேலை செய்து அங்கேயே படுத்துக்கொள்ளும் பையன்கள், இவர்கள் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். வெளியே வாங்கித் தின்பவர்களும் டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரைக் குடிப்பவர்களும் இவர்களிலேயே அதிகம் என்பதால், இவர்களை விட்டால் நோயின் ஒரு பெரிய பகுதி விடுபடும். நீங்களே நடந்து ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வோர் ஏணிக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எண் இடுங்கள். மொத்தம் 400 வாசல் என்றால் நான்குக்கு ஒன்று. முதல் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேறு நேரத்தில் மீண்டும் இரண்டு தடவையாவது போங்கள், அப்போதும் இல்லையென்றால் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதுங்கள். பகலில் எப்போதும் ஆள் இருக்கும் வீடு என்பது குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வீடுகளாகவே சேர்த்தால் சதவீதம் தானாக ஏறிவிடும். தண்ணீர் வரும் நேரத்தில் யார் கதவையும் தட்டாதீர்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குடம் நிரப்புகிற பெண்ணிடம் நின்று பேசச் சொல்வது நியாயமில்லை, பதிலும் சரியாக வராது.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். தண்ணீருக்காகப் போராடுகிற மன்றத்துப் பையன் வந்து கேட்டால், அவன் எதை எதிர்பார்க்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு உதவத்தான் பதில் சொல்வார்கள். இதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை, அது அன்பு. ஆனால் கணக்கு கெட்டுவிடும். இரண்டு ஏற்பாடுகள் செய்யலாம். ஒன்று, இரண்டு பகுதியின் தொண்டர்களையும் கலந்து, ஒவ்வொருவரும் இரு பக்கமும் பாதிப் பாதி வீடுகளைக் கேட்கும்படி பிரியுங்கள். மற்றது, தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொல்லையையும் அதே தாளில் கேளுங்கள், பல்வலி போதும். வங்கதேசத்தில் குடிநீரும் கழிப்பறையும் குழந்தைகளின் நலமும் பற்றி நடந்த பெரிய ஆய்வில் சிராய்ப்பையும் காயத்தையும் இப்படிக் கேட்டார்கள். உங்கள் சந்துகளில் வயிற்றுப்போக்கும் இரு மடங்கு, பல்வலியும் இரு மடங்கு என்று வந்தால், மக்கள் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு மட்டும் இரு மடங்காகி, பல்வலி இரு பக்கமும் சமமாக இருந்தால், உங்கள் எண்ணை அவ்வளவு எளிதில் யாரும் தள்ளிவிட முடியாது.

தண்ணீர்தான் காரணமா என்பதில் நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்தாக வேண்டும். விட்டுவிட்டு நீர் வரும் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும் என்பதும், திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் மோசமாக இருக்கும் என்பதும் நன்றாகத் தெரிந்தவை. உங்கள் குழாயில் அது நடக்கிறதா என்பதை மக்களைக் கேட்டு அறிய முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500இன்படி, 100 மில்லி நீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ. கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது; எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குழாய் திறந்தவுடன் ஒன்று, கால் மணி நேரம் கழித்து ஒன்று, வீட்டுக் குடத்திலிருந்து ஒன்று என மூன்று இடத்தில் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயில் சுத்தமாகவும் குடத்தில் அழுக்காகவும் இருந்தால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளவும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கர்நாடகத்தின் ஹுப்ளி-தார்வாடில் நடந்த ஆய்வு ஒன்று என் மனத்தில் எப்போதும் இருக்கும். 24 மணி நேர நீர் பெற்ற வார்டுகளையும் விட்டுவிட்டுப் பெற்ற வார்டுகளையும் ஒப்பிட்டார்கள். குழந்தைகளுக்குப் பொதுவாக வயிற்றுப்போக்கு வந்ததில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 24 மணி நேர நீர் பெற்ற ஏழைக் குடும்பங்களில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது. டைபாய்டும் குறைவாக இருந்தது. சாதாரண வயிற்றுப்போக்குக்குக் கை, உணவு, ஈ, பக்கத்துக் குழந்தை என ஆயிரம் வழிகள் உண்டு. அந்த இரைச்சலில் தண்ணீரின் பங்கு மறைந்துபோகலாம். மலத்தில் இரத்தத்தைக் கேட்கச் சொன்னது இதனால்தான். கடந்த ஓராண்டில் வீட்டில் யாருக்காவது டாக்டர் டைபாய்டு என்று சொன்னாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் சில நேரம் சோதனை இல்லாமலே சொல்லப்படுவதால், இரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும் ஒவ்வொருவர் பையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். நோயுற்ற குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாளை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பக் கூடாது. பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். ஓர் அறை வீட்டில் மாமனார் முன்னால் மருமகளிடம் எத்தனை தடவை போனது என்று கேட்டால் உண்மை வராது, அவருக்குச் சங்கடமும் மிஞ்சும்.

மனுவில் எழுதும்போது ஒரே பத்தி போதும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கேட்டோம், எத்தனை வாசலில் எத்தனை தேர்ந்தெடுத்தோம், எத்தனை பூட்டியிருந்தன, எத்தனை பேர் மறுத்தார்கள், எதை வயிற்றுப்போக்கு என்று எண்ணினோம், இரு பக்கமும் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, அவர்களில் எத்தனை பேர் மாநகராட்சியிடம் சிகிச்சைக்குப் போனார்கள், பல்வலி எவ்வளவு. அதன் பிறகு, நீர் மாதிரி எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. இதே சந்துகளில் இதே கேள்வியை ஜனவரியில், பொங்கல் முடிந்தபின், மறுபடி கேட்டால் மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள இடைவெளியும் தெரியும். வாராவாரம் போய்க் கேட்க வேண்டாம். கென்யாவில் அடிக்கடி போய்க் கேட்ட வீடுகளில் மக்கள் தண்ணீரில் குளோரின் கலப்பது கூடி, சொல்லப்பட்ட வயிற்றுப்போக்கும் குறைந்தது. கேட்பதே நடத்தையை மாற்றிவிடுகிறது. நிரப்பிய தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் வாசல் எண்ணும் நீக்கிய நகலை மட்டுமே வெளியே கொடுங்கள்.